பொழிலன்

இரண்டு கையாலும் முறுக்கு அச்சை அழுத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் ரூபன் கூப்பிட்டான். விமலா முழங்கையால் கைப்பேசியைத் தட்டி, மிளகாய்த்தூள் டின்மேல் சாய்த்து வைத்தாள். ஈப்போவின் புந்தோங்கில் அவள் வேலை செய்யும் அந்தக் கச்சாங் பூத்தே என்கிற கடலைப் பலகாரக் கடையின் பின்கட்டில் காலையிலிருந்து கடலையும் பயறும் வறுபட்டு, புகை கண்ணைக் கரித்தது. திரையில் தம்பியின் தூக்கம் கெட்ட முகம். அவனுக்குப் பின்னால் ஸ்பிரிங் தொட்டில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஞாயித்துக்கெழம பேரு வைக்கிறோம்."

"தெரியும்லா. அதுக்குத்தான இந்த முறுக்கே."

"பேருதான் இன்னும் கெடைக்கல."

"ஒரு மாசமா புருசனும் பொண்டாட்டியும் என்னடா பண்ணீங்க?"

அவன் மனைவி தினேஸ்வரியின் முகம் பக்கவாட்டில் நுழைந்தது. "இவரு போன்ல என்னமோ எறக்கி வச்சிருக்காருக்கா. அதுல வர்ற பேரெல்லாம் மருந்துக்கடையில குடுக்கற மாத்திரை மாதிரியே இருக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு முழுங்கலாம்."

"இவ சொல்ற பேரு மட்டும் என்னவாம்? கமுந்திங்ல எங்க பேக்டரியில அதே பேருல நாலு பேரு இருக்கானுங்க. சூப்பர்வைசர் ஒருத்தனக் கூப்பிட்டா நாலு பேரும் வந்து நிக்கறானுங்க." ரூபன் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தான். "அக்கா, அத்தைதான காதுல சொல்லணும்? பேரையும் நீயே பாத்துச் சொல்லிடேன். அழகா இருக்கணும். வேற யாருக்கும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் விமலா. எண்ணெயில் ஒரு முறுக்கு கருகிப்போனதை அப்புறம்தான் பார்த்தாள்.

அப்படி ஒரு பெயர் அவளிடம் இருந்தது. ரூபன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அவள் ஆறு மாதக் கர்ப்பிணியாக அரிசி களைந்துகொண்டிருந்த ஒரு காலையில், வானொலியில் யாரோ ஒரு பழைய சொல்லுக்குப் பொருள் சொன்னார்கள். பொழில். மரங்கள் கூடி நின்று நிழல் தரும் இடம். அவள் கணவர் தனேஸ்வரன் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது குடும்பத்தோடு வெளியே வந்தவர். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "நெழலான எடமா? அப்ப இது பையன்தான் விமலா. பொழிலன்." ஏழாம் மாதமே பையன் வந்தான். மூச்சு இல்லாமல் வந்தான். அதன் பிறகு அவள் வயிறு திறக்கவேயில்லை. பெயரை அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இனிமேல் சொல்லி என்ன என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் பெயர் வீட்டைவிட்டுப் போகவில்லை. ஒரு சாயங்காலம் வாசலில் கோணலாகக் கிடந்த செருப்பைப் பார்த்துத் தனேஸ்வரன், "இப்படிப் போட்டது யாரு, பொழிலனா?" என்று கேட்டார். விமலா சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள். மறுநாள் அவளே, "பொழிலன் சாப்பிட மாட்டேங்கிறான்" என்றாள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் ஒரு பையன் வளர்ந்தான். பால்பல் விழுந்தது. தமிழ்ப்பள்ளிக்குப் போனான், கணக்கில் கோட்டைவிட்டான். இப்போது இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் கேட்கிறான். காரில் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் சீட்டு அவனுடையது. காய்கறிப் பையைக்கூட அவள் அதில் வைப்பதில்லை. வெளியாள் கேட்டால் பைத்தியம் என்பார்கள். அதனால் வெளியாள் யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் தனேஸ்வரன் கல் ஏற்றும் லாரியை விட்டுவிட்டு, கல்மலைப் புழுதி புருவத்தில் ஒட்டியிருக்க வந்து உட்கார்ந்தார்.

"பொழிலன் எங்க?"

"பந்து வெளையாடப் போயிருக்கான்."

"மோட்டார் கேட்டானா?"

"கேட்டான். அப்பாவக் கேளுன்னுட்டேன்."

"எங்கிட்ட வரமாட்டான். பயம்."

"உங்களப் பாத்தா? நல்லா பயந்தான்!"

சிரித்துக்கொண்டே சோறு போட்டாள். ஒரே பெயரில் நாலு பேர் என்று ரூபன் சொன்ன கதையைச் சொன்னாள். தனேஸ்வரனுக்குப் புரையேறியது. "எங்க தோட்டத்துல மட்டும் என்னவாம்? எங்க லயத்துலயே ரெண்டு மாயாண்டி. காலையில வேலைக்கு ஆள் எடுக்கற பெரட்டுல கணக்கெழுதற கிராணி பேரு கூப்பிட்டா ரெண்டு பேரும் 'ஐயா'ம்பாங்க. அப்புறம் பெரிய மாயாண்டி, சின்ன மாயாண்டின்னு ஆயிப்போச்சு. ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒரே மேசையில கள்ளு குடிச்சாங்க, தெரியுமா?"

அவர் இவ்வளவு சிரிக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"ரூபன் என்னையே பேரு பாக்கச் சொல்றான். நம்ம பேர குடுத்துடலாமா?"

பிசைந்த கை அப்படியே நின்றது.

"அப்ப நம்ம பையன என்னான்னு கூப்பிடறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பாள். அவர் கோபப்படவில்லை. பதில் தெரியாமல்தான் கேட்டார். பாதித் தட்டோடு எழுந்துபோய்க் கை கழுவினார்.

அந்த வாரம் முழுக்க அவர் பையனைப் பற்றிக் கேட்கவில்லை. வந்தார், சாப்பிட்டார், படுத்தார். வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்பது விமலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முறுக்கு பிழியும்போதெல்லாம் யோசித்தாள். ஒரு பெயரைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு சொந்தத் தம்பி பிள்ளைக்கு இல்லை என்பதா? கொடுத்துவிட்டால், நாளைக்கு அந்தக் குழந்தை இந்த வீட்டுக்கு வந்து ஓடும்போது எந்தப் பொழிலனைக் கூப்பிடுகிறோம் என்று இவருக்கு நெஞ்சு அடைக்காதா? எனக்குத்தான் அடைக்காதா? சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தாள். அமுதன் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் இல்லாத பெயர் இல்லைதான். கேட்க இனிமையாக இருக்கிறது, போதும்.

ஞாயிற்றுக்கிழமை முறுக்கு டின்னைப் பின்சீட்டில் இடது பக்கம் வைத்தாள். வலது பக்கம் எப்போதும்போல் காலியாக இருந்தது. ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் பின்னால் போய், கோலகங்சார் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

"என்ன பேரு சொல்லப்போற?" என்றார் தனேஸ்வரன்.

"அமுதன்."

"ம்."

"நல்லா இல்லியா?"

"நல்லாத்தான இருக்கு."

வைப்பரின் சத்தம் மட்டும் கமுந்திங் வரைக்கும் கூட வந்தது.

ரூபனின் சின்ன வீட்டில் கால் வைக்க இடமில்லை. தொட்டிலுக்குப் புதுச்சேலை கட்டியிருந்தார்கள். தினேஸ்வரியின் அம்மா நல்லம்மாள் சர்க்கரைத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு வைத்துக்கொண்டு, "அத்தக்காரி வாம்மா, நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினார். குழந்தை என்ன நினைத்ததோ, ஊரைக் கூட்டியது. தாய் தட்டினாள், அடங்கவில்லை. ரூபன் கிலுகிலுப்பையை ஆட்டினான், இன்னும் உச்சத்துக்குப் போனது. விமலா குனிந்தாள். அமுதன் என்கிற பெயர் நுனிநாக்கில் தயாராக இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. சிவந்து கத்துகிற அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நனைந்த குடையோடு வாசலில் நின்ற தனேஸ்வரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு விரலை நீட்டினார். குழந்தை அதை இறுக்கிப் பிடித்தது.

"பொழிலா, என்னடா இது? அத்தையக் கொஞ்சம் பேச விடுடா."

வீடு நிசப்தமானது. குழந்தையும்தான்.

"அட ஆண்டவனே! அத்த சொல்றதுக்கு முன்னாடி மாமன்காரரு சொல்லிட்டாரே!" என்று நல்லம்மாள் தலையில் கைவைத்தார்.

"மச்சான், என்ன பேரு சொன்னீங்க?" என்றான் ரூபன்.

தனேஸ்வரன் விமலாவைப் பார்த்தார். வாய் தவறிச் சொன்னாரா, சொல்லத்தான் வந்தாரா என்று அந்த முகத்திலிருந்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "உங்கக்கா பாத்து வச்ச பேருடா. எனக்கு வாய் நிக்கல."

"பொழிலன்," என்று தினேஸ்வரி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "பொழிலன். என்னாக்கா அர்த்தம்?"

"மரமெல்லாம் கூடி நெழலா இருக்கற எடம்."

"அக்கா, இது மாத்திர மாதிரியே இல்ல!"

"எங்கருந்துக்கா புடிச்ச?" என்றான் ரூபன்.

"வீட்டுலதான்டா இருந்துச்சு."

அவள் குனிந்து குழந்தையின் காதில் வாயை வைத்தாள். முதல் தடவை குரலே வரவில்லை, காற்றுதான் போனது. இரண்டாம் தடவை அவளுக்கே கேட்டது. மூன்றாம் தடவை, சாயங்காலம் இருட்டுவதற்குள் வரச்சொல்லி தன் பொழிலனை வாசலுக்குள்ளேயே நின்று மெல்லக் கூப்பிடுவாளே, அந்தக் குரலில் கூப்பிட்டாள்.

சாப்பாடு முடிந்து தைப்பிங் கோயிலுக்குக் கிளம்பினார்கள். ரூபனின் காரில் நல்லம்மாளும் பூசைச் சாமான்களும் அடைத்துக்கொள்ள, தினேஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்தக் காருக்கு ஓடிவந்தாள். நனையாமல் இருக்க, கைக்கு எட்டிய கதவைத் திறந்து ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். முன்னால் உட்கார்ந்த விமலா பொழிலனின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"தினேசு, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காந்துக்கம்மா."

"ஏண்ணே, இங்க ஒழுகுதா?"

"ஆமாம்மா."

அவள் குழந்தையோடு இடது பக்கம் நகர்ந்தாள். கார் கிளம்பியது. ஏரிக்கரைச் சாலையில் பெரிய மரங்கள் கிளைகளை நீட்டிச் சாலையைக் கடந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்தது, இலைகள் மட்டும் சொட்டின.

"சின்னப் பொழிலன் தூங்கறானா?" என்று கேட்டார் தனேஸ்வரன்.

"இல்லண்ணே, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்."

விமலா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையை உயர்த்தி, பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். கண்ணாடிக்குள் பின்சீட்டு முழுவதும் வந்தது. மரங்களின் நிழல் வலது பக்கத்து இருக்கையில் ஏறி, இடது பக்கம் குழந்தையின் முகத்தில் இறங்கி, மறுபடி வலது பக்கம் ஏறி, போய்க்கொண்டே இருந்தது.