சம்பவத்தை இங்கே எழுதவும்

ஊரிலுள்ள வக்கீல்களில் பாதிப் பேர் என் மூளையில்தான் பிழைக்கிறார்கள். நோட்டீஸ், மனு, ஒப்பந்தம் என்று நான் எழுதித் தொகுத்த மாதிரிப் படிவங்களில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார்கள். எனக்குப் பட்டப்பெயரே ‘படிவம்’தான். அதிலும் எனக்குப் பெருமை, வெட்கங்கெட்டவன்.

அன்றைக்குத் தபாலில் ஒரு விவாகரத்து நோட்டீஸ் வந்தது. யார், எவர் என்று பார்க்காமல் நேரே இரண்டாம் பக்கத்துக்குப் போனேன். ‘சாப்பிடும்போதும் கணவர் அலுவலகக் காகிதத்தையே பார்ப்பார், மனைவி எது பேசினாலும் “ம்” என்பார்.’ அட, நம்ம சரக்கு! சிவப்புப் பேனாவால் ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தினேன்.

“எவ்வளவு கச்சிதமா எழுதியிருக்கேன் பாருங்க! எந்தப் புருஷனும் இதுல தப்ப முடியாது,” என்றேன் குமாஸ்தாவிடம்.

அவர் தலையைச் சொறிந்தார். “சார், புருஷன் யாருன்னு மொதப் பக்கத்துல போட்டிருக்கு.”

புரட்டினேன். நான்தான்.

சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது இதுதான். மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லிவிட்டுப் போனாள்? சத்தியமாக நினைவில்லை. அதற்கும் “ம்” என்றிருப்பேன். நிஜமாகவே போய்விடுவாளோ என்று பயம் வந்தது.

பயந்தாலும் வக்கீல் புத்தி போகுமா? ஓட்டை தேடினேன், கிடைத்தது. படிவத்தில் நான் போட்டிருந்த குறிப்பு கடைசிப் பக்கத்தில் அப்படியே இருந்தது: ‘கொடுமைச் சம்பவத்தை இங்கே எழுதவும்.’ அதன் கீழே வெறும் கோடு.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். “இந்த நோட்டீஸ் நிக்காது! உன் வக்கீல் என் படிவத்தையே எடுத்து எனக்கே அனுப்பியிருக்கான்.”

“நான்தான் அதுலயே அனுப்பச் சொன்னேன். நீங்க எழுதினதுன்னாத்தானே முழுசாப் படிப்பீங்க.”

“சம்பவம்னு போட்டுட்டு ஒண்ணுமே எழுதலையே! எங்க, ஒரே ஒரு சம்பவம் சொல்லு பாப்போம்.”

குறித்துக்கொள்ளச் சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

“எதைங்க எழுதுறது? இத்தனை வருஷமா நம்ம வீட்ல ஒண்ணுமே நடக்கலையே. அதுதான் என் கேஸே.”

வாயைத் திறந்தேன். பழக்கதோஷத்தில் “ம்” வரப்பார்த்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“நான் இப்பவே கிளம்பி வரட்டுமா?”

“ம்,” என்றாள்.

வா என்கிறாளா, வராதே என்கிறாளா என்று புரியாமல் மேஜைக்கடியில் செருப்பைத் தேடினேன்.