மனமுவந்த பங்களிப்பு

நான்காம் வகுப்புக்கான தின்பண்டப் பெட்டிகளோடு வினார்சி பள்ளி வாசலில் வந்து இறங்கியபோது பேருந்து இன்னும் வந்திருக்கவில்லை. பேனர் வந்துவிட்டிருந்தது. பள்ளியின் பச்சை வேலியில் கட்டியிருந்த அதில் பெற்றோர் குழுத் தலைவி இபு ஹர்தினியின் முகமே பாதிக்கு மேல். பள்ளியின் பெயர் அவருடைய காதணிக்குக் கீழே கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. யோக்யாகர்த்தாவின் விமான அருங்காட்சியகத்துக்குப் போகப்போவது பிள்ளைகள்தான் என்பதை நினைவூட்ட மூலையில் ஒரு குட்டி விமானம். பக்கத்திலேயே போன வருஷத்துப் பலகை ஒன்றும் இருந்தது: இந்த வேலியின் வண்ணப்பூச்சு ஹர்தினி குடும்பத்தின் அன்பளிப்பு.

சுற்றுலாவுக்கு யாரும் கட்டணம் கேட்கவில்லை. அரசுப் பள்ளியில் கேட்கக் கூடாது. பெற்றோர் குழு கேட்டது மனமுவந்த பங்களிப்பு மட்டும்தான். மனமுவந்து எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதிக்குள் மனம் உவந்துவிட வேண்டும், இன்னும் உவக்காதவர்கள் யார் யார் என்பதெல்லாம் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் காலைதோறும் ரோஜாப்பூவும் கூப்பிய கைகளுமாக வந்துகொண்டிருந்தது. வினார்சியின் கணவன் கடல் தாண்டிக் காலிமந்தானில் செம்பனைத் தோட்ட வேலையில் இருந்தான். அங்கிருந்து பணம் வருவது முதலாளியின் மனம் உவப்பதைப் பொறுத்தது.

அப்போதுதான் வகுப்புத் தாய்மார்களின் ஒருங்கிணைப்பாளர் யூனியார் வினார்சியைத் தேடி வீட்டுக்கு வந்தாள். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். யூனியாரின் முதல் பிரசவத்தின்போது அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது வினார்சி. அடுப்பிலிருந்து இறங்கிய ரிசோல் சுருளை ஊதி ஊதித் தின்றுகொண்டே யூனியார் வழி சொன்னாள். சுற்றுலாவன்று வகுப்பு மொத்தத்துக்கும் பெட்டி போட்டுக் கொடுத்துவிட்டால் போதும், மகள் ரெங்கானிஸின் பங்கு அதிலேயே கழிந்துவிடும்.

"கணக்கு நேர், அக்கா. தர்மம் இல்ல இது. ஆனா வெளிய சொல்லிடாதீங்க, அப்புறம் ஆளாளுக்கு வடை சுட்டுட்டு வந்து நிப்பாங்க."

போகும்போது, பெட்டிமேல் ஒட்டும் ஸ்டிக்கரைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். அக்காவுக்கு எதற்குச் சிரமம்.

லெம்பர் சுருட்ட ரெங்கானிஸும் உட்கார்ந்தாள். ஒட்டரிசிச் சோற்றுக்குள் கோழித்துருவல் வைத்து அம்மா உருட்டித் தர, மகள் வாழையிலையில் சுற்றிக் குச்சி செருகினாள். ஒவ்வொன்றையும் அடுக்கும்போது, "இது பஸ்ஸோட டயரு. இது டிரைவர் சீட்டு. இது என் ஜன்னல், இத யாரும் தொடக் கூடாது" என்றாள். வினார்சிக்குச் சிரிப்பு வந்தது. நம் இடத்துக்கான பங்கை நாமே கொடுத்துவிட்டோம் என்று மகளிடம் பெருமையாகவே சொன்னாள். கடன் வாங்காமல் ஒரு காரியம் முடிந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

பேருந்து வந்ததும் இபு ஹர்தினியும் வந்தார். குழுத் தாய்மார்கள் எல்லாரும் ஒரே இளஞ்சிவப்பில் தலைத்துணி அணிந்திருந்தார்கள். அந்த நிறம் இன்னும் கிடைக்காத இருவர் பின்வரிசைக்குப் போனார்கள். விமானத்தைக் கண்டுபிடித்தவருக்கு இணையாகப் பெற்றோர் குழுவையும் பாராட்டி இபு ஹர்தினியின் உரை நடந்தது. பிள்ளைகள் வெயிலில் நின்று கேட்டார்கள். நகரசபைத் தேர்தலுக்கு நிற்கப்போகிறவர் எந்தக் கூட்டத்தையும் சும்மா விடுவதில்லை.

பிறகு யூனியார் ஒலிவாங்கியைப் பிடித்தாள். அடுத்து, அடையாளபூர்வமாக உதவி வழங்கும் நிகழ்ச்சி என்றாள். இரண்டு பெண்கள் கதவு அகலத்துக்கு ஒரு தெர்மகோல் அட்டையைத் தூக்கிவந்தார்கள். அதில் தங்க எழுத்தில்: கல்விச் சுற்றுலா உதவி, வழங்குபவர் ஹர்தினி குடும்பம், பெறுபவர் ரெங்கானிஸ்.

"நம்ம வகுப்புல ஒரு எளிய தாய் இருக்காங்க, இபு வினார்சி. பணம் இல்லைங்கறதுக்காக அவங்க பிள்ளையோட கனவு நின்னுடலாமா? நம்ம இபு ஹர்தினி நிக்க விடல."

அக்கா, ஒலிவாங்கியில் மரியாதைக்குச் சொல்லும் இபு ஆகிவிட்டிருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். வினார்சி பெட்டிகளின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தான் விடியுமுன் கட்டிக் கொண்டுவந்த ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் யூனியார் ஒட்டவைத்த ஸ்டிக்கரில் பேனரில் இருந்த அதே முகம், சிறிதாக, அன்பளிப்பு என்ற சொல்லோடு சிரித்தது.

ரெங்கானிஸ் முன்னால் போய், குழுத் தாய்மார்கள் காட்டியபடி அட்டையின் ஓர் ஓரத்தைப் பிடித்தாள். புகைப்படக்காரன் அம்மாவையும் கூப்பிட்டான். மறுத்தால் பிள்ளை தனியாக நிற்கும். வினார்சி போய் நின்றாள்.

"இபு, லேசா கண்ணு கலங்குனா நல்லா இருக்கும்," என்றான் அவன். "சோகமா வேணாம். சந்தோஷமா கலங்குங்க."

அட்டைக்குப் பின்னால் மகளின் விரல் வினார்சியின் சட்டை நுனியை இழுத்தது. ரெங்கானிஸ் உதட்டை அசைக்காமல், படத்துக்குச் சிரித்தபடியே கேட்டாள்.

"நம்ம லெம்பர் பத்தலையாம்மா?"

"பத்துச்சும்மா," என்றாள் வினார்சி. "எல்லாருக்குமே பத்துச்சு." அதற்குள் ஒலிபெருக்கியில் பாட்டு போட்டுவிட்டார்கள். மகளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பிள்ளைகளை ஏறச் சொன்னார்கள்.

யூனியாரைப் பேருந்தின் பின்பக்கம் பிடித்தாள். சத்தம் போடவில்லை. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, ஒன்றில் ரெங்கானிஸின் முகம் இருந்தது.

"தர்மம் இல்லன்னு நீதானே சொன்ன?"

"அக்கா, நான் என்ன பண்றது? இபு ஹர்தினிக்கு ஒரு ஏழை தேவைப்பட்டுச்சு. பேனர் அடிச்சாச்சு, போட்டோக்காரனுக்குச் சொல்லியாச்சு. தெரியாத ஆளப் போய்க் கேக்க முடியுமா? நீங்கன்னா கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"வேலை செஞ்சிருக்கேன், யூனி."

"செஞ்சீங்க. யாரு இல்லன்னா? ஆனா காசுன்னு ஒண்ணும் கட்டலல்ல?" என்றாள் யூனியார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அட்டை பேருந்தின் கதவுக்குள் நுழையவில்லை. சாய்த்தும் படுக்கவைத்தும் பார்த்துவிட்டு வினார்சியின் கையிலேயே கொடுத்தார்கள். உடைத்துவிடாமல் வீட்டில் வைத்திருக்கும்படி படியில் நின்று யூனியார் சொன்னாள். பெயர் மட்டும் ஸ்டிக்கர்தானாம், உரித்துவிட்டால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும். பேருந்து நகர்ந்தது. ரெங்கானிஸ் கையசைத்தாளா, ஜன்னலில் கை வைத்திருந்தாளா என்று அட்டையைத் தாண்டி எட்டிப் பார்ப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

வேலியோரமாக நடந்தாள். மலையிலிருந்து இறங்கிய காற்று அட்டையைப் பாய்போல இழுத்தது. எதிரே வந்த காய்கறிக்காரி நின்று, உதட்டை அசைத்துத் தங்க எழுத்துகளைப் படித்தாள். வினார்சி எழுத்துப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தாள், பெயர் ஒட்டிய இடத்தில் ஒரு முனை எழும்பியிருந்தது. நகத்தால் நெம்பினாள். ரெங்கானிஸ் முழுதாக உரிந்து வந்தாள். அடியில், பழைய பசையில் ஓராண்டுத் தூசி படிந்து, இன்னொரு பெயர் கருப்பாக, தெளிவாக இருந்தது: சுபாக்யோ.

ஐந்தாம் வகுப்புப் பையன். அவன் அப்பா வண்ணம் பூசுகிறவர். போன வருஷம் இதே வாசலில் அவர் மகனோடு இந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவருடைய விரலிடுக்குகளில் இந்த வேலியின் பச்சை இருந்தது. வினார்சி முன்வரிசையில் நின்று கைதட்டினாள். அதற்குப் பிறகு அவர் பள்ளிப் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை.

காற்று அட்டையை அவள் பிடியிலிருந்து பிடுங்கி வேலியில் அறைந்து நிறுத்தியது. பச்சைக் கம்பிகள்மேல் தூசிப் பெயர் தெருவைப் பார்த்து நின்றது. வினார்சி அதை எடுக்கப் போகவில்லை. உரித்த ஸ்டிக்கர் விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு விரலிலிருந்து எடுத்தால் மற்ற விரலில் ஒட்டியது, தங்க எழுத்துகள் வெயிலில் மின்ன.