கூரை எழும்பும் குடும்பம்

அந்தக் குடும்பத்தார் ஒருவர் மிச்சமில்லாமல் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தால் கூரை எழும்பிவிடும். ஓடு, தகரம், கான்கிரீட் என்ற பேதமெல்லாம் கிடையாது. மூன்று மாடி உயரத்துக்குப் போய் அங்கேயே நிற்கும். ஒருவர் வெளியேறினால் இறங்கும். அவர் மெதுவாகப் போனால் மெதுவாக, ஓடினால் தொப்பென்று. தலைமுறைகளாக இப்படித்தான் என்பதால் யாரும் இதைத் துருவிக் கேட்பதில்லை. கல்யாணம் என்றால் முறைவைத்து ஒருவர் வாசலுக்கு வெளியே நின்றுகொள்வார், சாப்பாட்டுத் தட்டு அவரைத் தேடி வரும். மருமகள்களும் மருமகன்களும் மாலை மாற்றிய அன்றே கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். யாருக்கும் பிடிக்காத சம்பந்தமாக இருந்தாலும் சரி, கூரை அதையெல்லாம் பார்ப்பதில்லை.

குடும்பத்தில் மூத்தவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே தங்கை பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தாள். வருஷக்கணக்காக மெஷினை மிதித்து அவள் கட்டிய வீட்டைப் பார்க்க எல்லோரும் போயிருந்த நாளில், வெளியே நிற்கவேண்டிய மருமகன் தாகம் தாங்காமல் தண்ணீர் குடிக்க உள்ளே வந்துவிட்டார். கூரை எழும்பியது. ஒருவர் பதறாமல் நடந்து வெளியே போயிருந்தால் அது பூப்போல இறங்கியிருக்கும். ஆனால் யாரோ ஓடினார்கள். ஒருவர் ஓட, மற்றவர்களும் ஓட, கூரை அவளுடைய நான்கு மெஷின்கள் மேல் விழுந்து நொறுங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. முதலில் ஓடியது யார் என்று தங்கை கேட்டாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. அவள் வராததால் வாசலில் யாரும் நிற்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. வருத்தத்தோடு கூடிய வசதி. பத்து வருஷத்தில் வருத்தம் தேய்ந்து வசதி மட்டும் நின்றது.

பிறகு மூத்தவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. நல்ல வெளிச்சத்தில் மட்டும் இன்னும் சில மாதம் தெரியும், அப்புறம் அதுவும் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எல்லார் மூஞ்சியையும் ஒரே இடத்துல வச்சு ஒரு தடவை பார்த்துடறேன். தங்கச்சி மூஞ்சியையும்தான்.”

இடம் தேடும் வேலை மூத்த மருமகள் தலையில் விழுந்தது. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ‘மூச்சை அடக்குங்க, அசையாதீங்க’ என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அவள் எது சொன்னாலும் மனிதர்கள் கேட்கும்படியான ஒரு குரல் அவளுக்கு வாய்த்திருந்தது. மண்டபம் ஆகாது, விடுதி ஆகாது. கூடாரம் போட்டுத் தங்குகிற இடம்தான் சரி, ஆளுக்கொரு கூடாரம் என்றால் எல்லோரும் ஒரே கூரைக்குள் வரவேண்டியதில்லை என்று அவள் கணக்குப் போட்டாள். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் கத்திப் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போடுவதற்குத் தோதாக, அக்கம்பக்கம் இல்லாத இடமாகவும் இருக்க வேண்டும். விடுமுறை நாட்களில் பஸ் பிடித்துத் தேடினாள். முதல் இடத்தில் கூடாரங்கள் பல்வரிசை மாதிரி நெருக்கமாக இருந்தன. ஒரு கூடாரத்தில் தும்மினால் அடுத்த கூடாரத்தில் போர்வையை இழுத்துக்கொண்டார்கள். இன்னொன்று ஏரிக்கரையில், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வந்தவர்கள் அத்தனை பேரையும் ஹாலில் உட்காரவைத்து முதலில் வரவேற்புரை வாசிப்போம் என்றார் முதலாளி. அவள் அந்த ஹாலின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பினாள்.

கடைசியில் கிடைத்த இடம் கைவிட்ட கல்குவாரிக்கும் அப்பால், மண்சாலை முடிகிற காட்டுக்குள் இருந்தது. நடுவில் புல்வெளி, சுற்றி மரங்கள், ஒரு ஓடை. கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கிடையாது. அந்த இடத்தின் காவலர் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டபடி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“எவ்வளவு உயரம் போகும்?”

“மூணு மாடி.”

“அப்ப மரத்துல இடிக்காது,” என்றார். போன மழைக்காலத்தில் வந்த ஒரு குடும்பம் தங்கள் நிழல்களை விட்டுவிட்டுப் போய்விட்டதையும், வந்து எடுத்துப்போகும்வரை அவற்றின் மேல் யாரும் கூடாரம் அடிக்காமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடாக இருந்ததையும் சொன்னார். சமைக்கிற இடத்துக்கு மேலே மட்டும் பெரிய தார்ப்பாய் கட்டியிருக்கும், அதன் கீழே எல்லோரும் சேர்ந்து போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

தங்கையிடம் மருமகளே நேரில் போனாள். கடையில் தங்கை வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். ஊசிகளின் இடுக்கு வழியாகவே கேட்டாள்.

“கூரை இருக்கா?”

“இல்ல. தனித்தனிக் கூடாரம்.”

“மழை வந்தா?”

“நனையலாம்.”

தங்கை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள். குறித்த நாளில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, தன் கூடாரத்தைப் புல்வெளியின் கடைசி ஓரத்தில் அடித்துக்கொண்டாள். அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் நின்ற தூரத்துக்கு அது தெரியவில்லை. தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்று அவள் முகம் சுருங்கியது. மருமகள் போய் விளக்கிச் சொன்ன பிறகும் சுருக்கம் முழுதாகப் போகவில்லை.

இரண்டாம் நாள் மதியம் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை; கூடாரங்கள் ஒவ்வொன்றாகக் காலை மடக்கிப் படுத்துக்கொண்டன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பாத்திரங்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, எல்லோரும் தார்ப்பாய்க்குக் கீழே ஓடினார்கள். தங்கை மட்டும் வெளியே, மழையில், புடவையைத் தலையில் இழுத்துவிட்டு நின்றாள். அது அவளுக்குப் பழகிப்போன இடம். மற்றவர்களுக்கும் அவளை அங்கே வைத்துப் பார்ப்பது பழகியிருந்தது, அதனால் யாரும் கூப்பிடவில்லை.

தார்ப்பாய்க்குக் கீழே சாயங்காலம் மாதிரி இருட்டாக இருந்தது. மூத்தவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். எல்லாம் ஒரே மசங்கலாக இருந்தது.

“தங்கச்சி எங்க?”

“வெளிய இருக்காங்க மாமா,” என்றாள் மருமகள்.

“உள்ள வாம்மா!” என்று அவர் மழைக்கு மேலே கத்தினார்.

“நான் வந்தா போயிடும்ணா.”

“போகட்டும்,” என்றார். “இந்தத் தடவை நான் ஓட மாட்டேன்.”

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். பத்து வருஷமாக ஒவ்வொருவரும் வேறு ஒருவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கை சேற்றில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து வந்து, குனிந்து உள்ளே நுழைந்தாள்.

முளைக்குச்சிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. தார்ப்பாய் கயிறுகளைத் தொங்கவிட்டபடி மேலே போனது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. “யாரும் அசையாதீங்க,” என்றாள் மருமகள், ஆஸ்பத்திரிக் குரலில். யாரும் அசையவில்லை. சாரல் நான்கு பக்கமும் அடித்தது, அதோடு சேர்ந்து வெளிச்சமும் உள்ளே வந்தது. மூத்தவர் ஒவ்வொரு முகமாகப் போய், கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தார். சிலருக்கு மூக்கைத் துடைத்துவிட்டார். தங்கை முன்னால் அதிக நேரம் நின்றார்.

“வயசாயிடுச்சு உனக்கு.”

“நீங்க மட்டும் என்ன, அப்படியேவா இருக்கீங்க? அன்னைக்கு எதுக்குண்ணா ஓடினீங்க?”

“பயம்மா. லிஃப்ட் அறுந்து விழுந்ததைப் பார்த்தவன் நான்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்று அவள் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் அடித்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டாள்.

மழை விட்ட பிறகும் தார்ப்பாய் மேலேயே நின்றது. அதன் கீழேயே சமைத்தார்கள், அதன் கீழேயே பாய் விரித்தார்கள். மறுநாள் காவலர் வண்டிகளைத் தார்ப்பாய்க்குக் கீழேயே கொண்டுவந்து நிறுத்தினார். கிளம்பவேண்டிய நேரம் வந்தபோது முதலில் நகர யாருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் நன்றாக இருந்த டயருக்குக் காற்றடித்தார். இன்னொருவர் காணாமல் போகாத சாவியைத் தேடினார். நீங்க கிளம்புங்க, இல்ல நீங்க கிளம்புங்க என்று வெயில் ஏறியது. கடைசியில் தங்கை, அண்ணன் கையைப் பிடித்து வேனில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லா வண்டிகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நேரத்தில், நடை வேகத்தில் கிளம்பின. தார்ப்பாயும் அவற்றுக்கு மேலே நிழல் போட்டபடி கூடவே போனது.

மண்சாலை முடிந்து சாலைகள் பிரிகிற இடத்தில், பெட்ரோல் பங்குக்கு எதிரே, அது அலுங்காமல் இறங்கியது. காவலர் சைக்கிளில் போய் எடுத்துவந்தார். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும் என்று வேலி மேல் விரித்துப் போட்டார்.