இன்னிக்கு நம்ம பாடு இல்லை

1

இந்தக் கதை, பஸ்ஸில் என் காதில் விழுந்த ஒரு வரி. 1972இல், பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் பஸ். முன் சீட்டில் ஒரு கிழவர், பக்கத்திலிருந்த பெண்ணின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "உடு, நான் தண்ணிக்குப் போவணும்" என்று கத்தினார். அவள் கையைத் தட்டிவிடவில்லை.

"இன்னிக்கு நம்ம பாடு இல்ல மாமா."

பிடி தளர்ந்தது. கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாடு என்றால் என்ன என்று கண்டக்டர் சொன்னார். ஏரியில் மீன் விழும் இடங்களுக்குக் கிராமம் முறை போட்டிருக்கும். இன்று சில குடும்பங்கள், நாளை வேறு சில. அடுத்தவர் முறையில் வலை விட்டவனோடு ஊரில் யாரும் அன்னம் தண்ணி புழங்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'பனி மூடிய ஏரியின்மேல் ஒரு வெள்ளைக் குதிரை போல…'

(வேண்டாம். இந்தப் பனியும் குதிரையும் மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து வந்தவை.)

இரண்டாவது: 'பொறுமையே உருவான ரத்னா…'

(பொய். ஒரு தடவையாவது திருப்பி அடித்திருப்பாள்.)

மூன்றாவது:

விடியும் முன்பே முனுசாமிக்கு ஏரி நினைவு வந்துவிடும். வாசலை மறித்தால் அடிப்பார். கஞ்சியைத் துப்புவார். மருமகள் ரத்னாவைப் பார்த்து, "யாருடி நீ? என் ஊட்டுல இன்னா திருடுற?" என்பார். போன தை மாதம் தனியாக இறங்கிக் கழுத்தளவுத் தண்ணீரில் தத்தளித்தவரை, மகன் முனிகிருஷ்ணன் இழுத்து வந்தான். அதற்குப் பிறகுதான் ரத்னா அந்த வரியைக் கண்டுபிடித்தாள். பெயர்களெல்லாம் அழிந்துபோன தலைக்குள் முறை மட்டும் அழியாமல் இருந்தது.*

"டெய்லி அதயே சொல்றியே, பாவம் இல்லியா?" என்றான் முனிகிருஷ்ணன்.

"நீ ஒரு நாளு ஊட்ல இருந்து அடி வாங்கு. அப்பால பாவ புண்ணியம் பேசலாம்."

* ஏன் அது மட்டும் அழியவில்லை? எனக்குத் தெரியாது. கதைக்கு வேண்டியிருந்தது.

3

ஒரு நாள் அவர்களுடைய பாடு நிஜமாகவே வந்தது. முனிகிருஷ்ணன் படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தான். ரத்னா பழக்கத்தில் அன்றும் அதே வரியைச் சொன்னாள். அடங்கி வெளியே வந்த முனுசாமி, கரையில் மகனைப் பார்த்துவிட்டார்.

"டேய்! அடுத்தவன் பாட்டுல வல உடப் போறியா?"

"இல்ல நைனா, இன்னிக்கு நம்மளுதுதான்."

"அந்தப் பொண்ணு இப்பதானே இல்லன்னிச்சு!"

படகு தள்ளும் கழியால் அடித்தார். (முதலில் தலையில் என்று எழுதினேன். பிறகு தோளில் என்று மாற்றினேன். முனிகிருஷ்ணன் உயிரோடு வேண்டும்.)

"யோவ் பெருசு, உங்க மொறதான்யா. பேஜாரு பண்ணாத" என்று சிரித்தான் பக்கத்துப் படகுத் தணிகாசலம்.

"நீயும் கூட்டுக் களவாணியா?"

மதியம் ரத்னா சோறு வைத்தாள். அவர் தொடவில்லை.

"மொற தப்புனவன் ஊட்டுல கை நனைக்க மாட்டேன்."

மறந்துவிடுவார் என்று காத்திருந்தாள். மகனை அடித்ததை மறந்தார். மகனையே மறந்தார். இதை மறக்கவில்லை. அடுத்த வீட்டு முத்தம்மாள் தன் வீட்டுச் சோற்றைக் கொண்டுவந்தாள். "இவங்களோட பொழங்குறவதானே நீ" என்று அதையும் தள்ளிவிட்டார். பொன்னேரி டாக்டர், "வயசாயிடுச்சும்மா" என்றார். அன்று தங்கள் முறைதான் என்று யார் சொல்லியும் கிழவர் நம்பவில்லை. ரத்னா சொன்னால் மட்டும் நம்புவார். அவள் இன்னும் சொல்லவில்லை.

4

முடிவு ஒன்று: 'அன்னிக்கு நம்ம பாடுதான் மாமா, நான்தான் பொய் சொன்னேன்' என்கிறாள். அவர் வயிறு நிறையச் சாப்பிடுகிறார். மறுநாள் விடியலில் அந்த வரி பலிக்கவில்லை. கதவு திறந்து கிடக்கிறது. ஏரி…

முடிவு இரண்டு: அவள் சொல்லவில்லை. (இதற்கு ஒரே வாக்கியம் போதும். அதனால்தான் எழுத முடியவில்லை.)

முடிவு மூன்று: உண்மையைச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பூட்டு. (அவர் கதவில் தலையை மோதுவார். அதையும் எழுதிக் கிழித்துவிட்டேன்.)

ரத்னா தட்டோடு அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கிழவரின் உதடு வெடித்திருக்கிறது. எழுந்து உட்காரும் தெம்பு போய்விட்டது. குரல் மட்டும் மிச்சம்.

"பொண்ணே, சத்தியமா சொல்லு. அன்னிக்கு யாரு பாடு?"

அவள் என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். அவர் மறுபடி கேட்க மாட்டார்.