ஆஸ்பத்திரிக்குப் போன பறவை

"என்னங்க, அப்பாவோட காக்கிச் சட்டை ஆஸ்பத்திரிப் பையிலதான் இருக்கும். சீக்கிரம் எடுத்துட்டு வாங்க."

கூடத்திலிருந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே மனைவி குரல் கொடுத்தபோது, மாப்பிள்ளை எலுமிச்சை ஜூஸைக் குடித்துவிட்டு அடியில் கிடந்த ஐஸ் கட்டியைக் கடவாயில் ஒதுக்கிக்கொண்டிருந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் தொண்டை காயக் கூடாது என்று அத்தை காலையிலிருந்து அழுவதும், ஃபிரிட்ஜைத் திறந்து மூடுவதுமாக இருந்தாள். புருஷன் போனாலும் அவளுக்கு உபசாரம் போகாது. அவன் மகள் பாப்பாவின் கையிலும் ஒரு டம்ளரைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்திருந்தாள்.

மாமா, அவன் மாமனார், ஏரிக் காவலர். குளிர்காலத்தில் எங்கெங்கிருந்தோ வந்திறங்கும் நீர்ப்பறவைகளைக் காப்பதுதான் வேலை. இரும்பு மாதிரி உடம்பு. காய்ச்சல் என்று படுத்தார், நெஞ்சில் சளி கட்டியது, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். யூனிஃபார்மோடுதான் அனுப்ப வேண்டும் என்று ஏரி ஆபீஸ்காரர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். "இத்தனை வருஷத்துல ஒரு பொய் ரிப்போர்ட் கொடுத்ததில்லைம்மா, தங்கமான மனுஷன்" என்று பெரிய அதிகாரி அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தது அறைக்குள்ளும் கேட்டது.

சட்டையை உதறினான். சட்டைப் பையில் ஏதோ கனத்தது. எடுத்துப் பார்த்தான்.

தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. மேலே வெயிலில் சார்ஜ் ஏறுகிற கண்ணாடி, பின்னால் வால் மாதிரி ஒரு கம்பி, இரண்டு பக்கமும் கத்தரித்த நாடா. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு இதைப் பார்த்ததும் புரியாமல் போகுமா? பறவையின் முதுகில் மாட்டினால் அது எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டுகிற கருவி. இதன் படத்தை மாமா போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி உயிரை எடுத்திருக்கிறார்.

மாட்டியவள் வளையல்காரி. பறவை காலில் வளையம் போட வந்த வெளிநாட்டுக்காரிக்கு அத்தை வைத்த பேர் அது. ஒரு வருஷம் இங்கேயே தங்கி, இந்த வீட்டிலேயே சாப்பிட்டு, மாமாவை மாமா என்றே கூப்பிடப் பழகியவள். பறவைகள் பறக்கிற வழியில் இருக்கும் நாடுகள் எல்லாம் கைகோத்துச் செய்த ஏற்பாடு இது. ஓர் ஏரியில் பறவை செத்தால் அன்றைக்கே அடுத்த ஏரிக்குத் தகவல் போக வேண்டும். அதற்குத்தான் மாமாவுக்குச் சம்பளம். இப்போது அவள் வேறொரு நாட்டில், வழியிலிருக்கும் இன்னொரு ஏரியில் இருந்தாள்.

கருவி மாமாவின் பையில் இருந்தால், பறவை எங்கே?

காலையிலிருந்து மாமாவின் போன் அவனிடம்தான் இருந்தது. அது அடித்தது. வளையல்காரி. அவளுக்குச் சாவுச் செய்தி சொல்ல வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

"மாமா, ஏன் இத்தனை நாள் போன் எடுக்கவில்லை?"

"நான் மாப்பிள்ளை பேசறேன்."

"ஓ, மாப்பிள்ளை. என் பறவை என்ன செய்கிறது? ஏரியிலேயே நடந்தது. தினம் சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனது. இப்போது திரும்ப வீட்டில் இருக்கிறது. பறவை ஆஸ்பத்திரிக்குப் போகுமா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "மாப்பிள்ளை, இங்கே பறவைகள் கழுத்து திருகிச் சாகின்றன. மனிதர்களுக்கும் ஒட்டுகிற நோய். மாமாவிடம் கேட்டேன். 'உன் பறவை ஜம்முனு இருக்கு' என்றார். மேப்பிலும் நன்றாக நடந்தது. அதனால் நோய் உங்கள் பக்கம் வரவில்லை என்று உங்களுக்குத் தெற்கே உள்ள ஏரிகளுக்குச் சொல்லிவிட்டோம். அங்கே மக்கள் இன்னும் பறவை பிடிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள்."

மாமா செத்த பறவையின் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றியிருக்கிறார். இந்தப் பெண்ணிடம் உன் பறவை செத்துப்போச்சு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம் என்றே ஓட்டியிருப்பார். பாவி மனுஷன்.

கருவி கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். கடையில் நாளெல்லாம் அவன் அவிழ்த்துவிடுகிற பொய்தான் அது, நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தங்கமான மனுஷன் தங்கமாகவே போய்விடுவார். கதவிடுக்கில் மனைவி தெரிந்தாள். ஈரத்துணியால் அப்பாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, அதே கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பறவை செத்துடுச்சும்மா" என்றான். "மெஷின் மாமா பையில இருந்தது. மாமாவும் இன்னைக்கு விடியக்காலையில போயிட்டார். மூச்சு முட்டி."

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. அழுதுகொண்டே கேட்டாள்.

"அதன் உடல் எங்கே?"

"தெரியலை. தூக்கிப் போட்டிருப்பார்."

"மாமா போட மாட்டார். எனக்காக வைத்திருப்பார். செத்தது கிடைத்தால் குளிரில் வையுங்கள், நான் வந்து சோதிக்கிறேன் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தேடுங்கள். கையால் தொடாதீர்கள்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அடுக்களைக்குப் போனான். அத்தை டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேளை வந்தீங்க மாப்பிள்ளை. ஐஸ் இன்னும் இருக்கா பாருங்க, இன்னொரு வண்டி ஆளுங்க வந்திருக்காங்க. மேல இருக்கற பொட்டலத்தை மட்டும் அசைக்காதீங்க. ஆபீஸ் சாமானாம், யாரும் பிரிக்கக் கூடாதுன்னு மாமா சொல்லி வெச்சிருக்கார்."

ஃப்ரீசரைத் திறந்தான். ராத்திரியெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்ததில், பேப்பர் சுற்றிய பொட்டலம் ஊறித் தொய்ந்திருந்தது. ஒரு மூலை கிழிந்து மெலிந்த கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, காலில் வளையம். அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நேர் கீழே இருந்த ஐஸ் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. தட்டில் கட்டி ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் டம்ளர்களுக்குப் போயிருந்தன.

"மாப்பிள்ளை? இருக்கிறீர்களா? யாராவது தொட்டார்களா?"

அவன் கடவாய் இன்னும் குளிர்ந்திருந்தது. கூடத்தில் பாப்பா தன் டம்ளரிலிருந்த கடைசிக் கட்டியை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள்.