ஒரே சீராக ஓடிய எஞ்சின்

ஆறு வருடமாக வாயே திறக்காத எஞ்சின் அன்று காலை பதினோரு மணிக்குப் பேசியது.

முன்னறையில் பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள் தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். இரண்டு இருமல், ஒரு முக்கல். பிறகு கொட்டுகிற மழையையும் மீறி, சமையலறையை அடுத்திருந்த கார் ஷெட்டிலிருந்து ஓர் உறுமல் எழுந்து நிலைத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தன்னைவிட வயதான அந்தக் காரை, உள்ளே செடி முளைத்துக் கிடந்த நிலையில், பழைய இரும்புக் கடையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். உருண்டை மூக்கு, தவளைக் கண். லீவு நாளெல்லாம் அதன் காலடியில்தான். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, டப்பாவில் போட்டு எண் எழுதினார். டார்ச் பிடிப்பது அவள் வேலை. "நீ பாக்குற இடத்துல இல்ல, நான் பாக்குற இடத்துல அடி" என்று ஆறு வருடமாகத் திட்டு வாங்கியதில், காரின் குடல் வரைக்கும் அவளுக்குப் பழக்கம்.

மாடியில் இருந்த நாத்தனாருக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. நாற்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். "அண்ணி, அண்ணன் உங்களைக் கட்டிக்கிட்டாரா, அதைக் கட்டிக்கிட்டாரா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"என்னைக் கட்டிக்கிட்டாரு. அதை வெச்சுக்கிட்டாரு" என்றாள் இவள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடி வந்து கத்தப்போகிறார், கிரீஸ் கையோடு கன்னத்தைத் தொடப்போகிறார் என்று காத்திருந்தாள். வரவில்லை. சரி, அதையே கொஞ்சிக்கொண்டு இருக்கட்டும் என்று மறுபடி தைத்தாள். ஒரு காலர் முடிந்தது. அடுத்த காலரில் பாதி வரும்போது கை தானாக நின்றது.

சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

இரவல் ஸ்கூட்டரில் உட்கார்ந்தால்கூட சும்மா இருக்காமல் முறுக்கிப் பார்க்கிற மனிதர். ஆறு வருடம் கழித்து உயிர் வந்த எஞ்சினை ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்காமல் இருப்பாரா? அவள் எழுந்து நின்றாள். சாரல் அடித்தால் புதுப் பெயிண்ட் பாழாகும் என்று காலையில் அவர் ஷட்டரை இறக்கி உள்ளே தாழ்ப்பாள் போட்ட சத்தம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சமையலறையிலிருந்து ஷெட்டுக்குப் போகும் கதவைத் தள்ளினாள். ஒரு சாண் திறந்து முட்டிக்கொண்டது. கூரை ஒழுகும் மூலையிலிருந்து அவர் எடுத்து வைத்திருந்த பின்சீட், கதவுக்கும் காரின் பம்பருக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. இடுக்கு வழியாகப் புகை முகத்தில் அறைந்தது. முன்சக்கரத்தின் பக்கத்தில் ஒரு கால் தெரிந்தது. செருப்பு கழன்ற கால்.

"என்னங்க!"

கால் அசையவில்லை.

தோளால் இடித்தாள். இரண்டு கையாலும் அறைந்தாள். உடம்பைப் பக்கவாட்டில் நுழைத்துப் பார்த்தாள், மார்போடு மாட்டிக்கொண்டது. தன் பருமனை வாழ்நாளில் முதல்முறையாக வெறுத்தாள்.

"பாப்பா! ஓடி வா! அண்ணன்!"

பாப்பா படிகளில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். இடுக்கு வழியாக அந்தக் காலைப் பார்த்ததும் "ஐயோ அண்ணே" என்று அப்படியே உட்காரப் போனாள். இவள் அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"அழாத. இந்த இடுக்குல நீதான் நுழைய முடியும். வெளிய மூச்சை நல்லா இழுத்துக்க. உள்ள போய் மூச்சே விடாத. முதல்ல எஞ்சினை நிறுத்து."

"சாவி எங்க அண்ணி?"

"சாவி கிடையாது. டேஷ்போர்டு இன்னும் மாட்டல. காரோட முன்மூடி திறந்துதான் இருக்கு. உன் பக்கத்துல தகர டப்பா மாதிரி ஒண்ணு நிக்கும், அது தலையில சிவப்பு வயர் கிளிப்ல தொங்கும். அதைப் பிடிச்சு இழு."

"ஷாக் அடிச்சா?"

"அடிக்காது" என்றாள். அடிக்குமா அடிக்காதா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

ஈர்க்குச்சி உடம்பு எலும்பு உரசிக்கொண்டு உள்ளே போனது. புகையில் மறைந்தது. இவள் இடுக்கில் முகத்தை வைத்து எண்ணினாள். ஐந்து. எட்டு. பன்னிரண்டு. இவளையும் சேர்த்துச் சாக அனுப்பிவிட்டேனோ என்ற நினைப்பு வந்தது. இடுக்கில் கையை நீட்டித் துழாவினாள்.

எஞ்சின் ஒரு குலுக்கலோடு நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பாப்பா இடுக்குக்கு ஓடி வந்து வாயை வைத்துக் காற்றைக் குடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது.

"அசையவே மாட்டேங்கறாரு அண்ணி."

"ஷட்டர். இடப்பக்கம் ஒரு தாழ்ப்பாள், வலப்பக்கம் ஒண்ணு. போ."

இடது தாழ்ப்பாள் விலகியது. வலது விலகவில்லை. இவள் வாசல் வழியாக மழையில் ஓடி, வெளியிலிருந்து ஷட்டரை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்தாள். உள்ளே பாப்பா எதையோ எடுத்து 'டங் டங்' என்று அடிப்பது கேட்டது. ஷட்டர் ஓர் அலறலோடு மேலே போனது. புகை அவளைத் தாண்டித் தெருவுக்குள் பரவியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை மழைக்குள் இழுத்துப் போட்டார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்த எதிர்வீட்டுப் பல் டாக்டர், குனிந்து மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தார்.

டாக்டர் நிமிரும் வரைக்குமான நேரம் எவ்வளவு என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"மூச்சு இருக்கு. லேசா இருக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக ஆக்சிஜன் வைத்தார்கள். "இன்னும் அஞ்சு பத்து நிமிஷம் போயிருந்தா" என்று தொடங்கிய டாக்டர், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முடிக்கவில்லை. காலர் தைத்த நிமிடங்களை அவள் மனசுக்குள் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தோமே என்பதுதான் அவளை அரித்தது.

மறுநாள் அவர் தெளிவாகக் கண் விழித்தார். "மழை நின்னுச்சா? கார்பரேட்டரை மாட்டணும்" என்றார்.

பாப்பாவும் இவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காலைப் பொழுது முழுவதும் அவர் தலையிலிருந்து அழிந்துபோயிருந்தது. மாட்டியது, ஓட வைத்தது, எதுவும் அவரிடம் இல்லை.

"மாட்டிட்டீங்க. ஸ்டார்ட்டும் ஆயிடுச்சு" என்றாள் மெதுவாக.

"ஆச்சா?" அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "எப்படிடி இருந்துச்சு?"

அவள் குவளையை எடுத்தாள். தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காரை விற்றுவிடலாம் என்று அவரே சொன்னார். விற்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வைத்துக்கொள்ளச் சொல்லத் தைரியமும் வரவில்லை. கடைசியில் ஷட்டரைக் கழற்றி, அந்த இடத்தில் காற்றுப் போகிற கம்பிக் கதவு போடச் செய்தாள். எஞ்சினை ஓடவிடுவதென்றால் காரைத் தெருவுக்குத் தள்ளிய பிறகுதான். தள்ளுவதற்கு முதல் ஆளாக வந்து நிற்பவள் பாப்பா, ஆயிரம் வசவோடு.

பயம் மட்டும் போகவில்லை. அவர் ஷெட்டில் இருக்கும்போது ஒரு காலருக்கு ஒருமுறை தைப்பதை நிறுத்தி, "என்னங்க!" என்று குரல் கொடுப்பாள். "இருக்கேன்" என்பார். போன வாரம் அந்தப் பதில் வரவில்லை. மெஷினைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் ஓடினாள். அவர் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில், வெயிலில் உட்கார்ந்து ஹெட்லைட் மாட்டிக்கொண்டிருந்தார். பல்லுக்கிடையில் இரண்டு ஸ்க்ரூ. மூச்சிரைக்க நின்ற அவளைப் பார்த்ததும் அவசரமாக அவற்றைக் கையில் துப்பினார்.

"இருக்கேன்டி, இருக்கேன்" என்றார்.