பகலில் தூங்கும் வீடு

எங்கள் வீட்டில் விடிந்த பிறகுதான் இருட்டும். என் கணவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஊர் பல் துலக்கும் நேரத்தில் உடம்பெல்லாம் மாவு வாசனையோடு படியேறி வருவார், கொடுத்ததைச் சாப்பிடுவார், கட்டையைச் சாய்ப்பார். நான் நீலத் திரைகளை இழுத்துவிடுவேன். திரை தைப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் ஜன்னலுக்கென்று தைத்தவை மட்டும் இரட்டைத் துணி. அவற்றின் வழியே வெயில் கசியும்போது அறை முழுக்க நீலத் தண்ணீர் நிரம்பி நிற்பதுபோல் இருக்கும். அதற்குள் வெறுங்காலோடு நடமாடுவேன். சொட்டுச் சத்தம் கேட்கக் கூடாதென்று குழாய் வாயில்கூடத் துணி கட்டியிருக்கிறேன். பகலில் யார் கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை. வேண்டியவர்கள் மாலையில் வருவார்கள். மற்றவர்கள் கை வலித்தால் தாமே போய்விடுவார்கள்.

ஓனருக்கு எங்களைக் கிளப்பிவிட்டு, வீட்டை அறை அறையாகத் தடுத்து நாள் வாடகைக்கு விட ஆசை. ஆனால் எங்கள் நகராட்சி விதிப்படி, ஒழுங்காக வாடகை கொடுப்பவரை நினைத்த மாத்திரத்தில் வெளியே தள்ள முடியாது. தக்க காரணம் வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் குடியிருக்காமல் வீட்டைச் சும்மா பூட்டிப் போட்டிருந்தால், அது ஒரு காரணம். மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எப்போதும் திரை மூடிக் கிடக்கிறது, ஆள் அரவமே இல்லை, இங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று புகார் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் என் கையால் வாடகை வாங்கியவர். வாய் கூசவில்லை.

எனக்கு இது கீழ் வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

"அடியே, நகராட்சி ஆபீசரம்மா ரெண்டு தடவை வந்து தட்டிட்டுப் போயிட்டாங்க. நீ உள்ளதான இருந்த?"

"இருந்தேன்க்கா. ஏதோ சாமான் விக்க வந்தவங்கன்னு நினைச்சேன்."

"நல்லா நினைச்ச, போ! நாளைக்கும் திறக்கலைன்னா ஆளில்லாத வீடுன்னு எழுதிருவாங்களாம்."

இந்த வாடகைக்கு, தொழிற்சாலைக்கு நடந்தே போகிற தூரத்தில், பகலில் சத்தமில்லாத இன்னொரு வீடு எங்களுக்குக் கனவில்தான் கிடைக்கும்.

"நாளைக்கு ஒரு நாள் அவரை எழுப்பி நாற்காலியில உட்கார வை," என்றாள் அக்கா.

"வேண்டாம்க்கா. தூக்கம் கெட்டா ராத்திரி ரொட்டி அடுப்புல கையைச் சுட்டுக்குவாரு."

அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் படுக்கவே மாட்டார்.

மறுநாள் கதவை ஒட்டி ஊசியோடு உட்கார்ந்தேன். தைக்கவில்லை. அறை நீலமாக மிதந்தது. உள்ளிருந்து அவர் மூச்சு, கரையில் அலை ஏறி இறங்குவதுபோல வந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கண் சொக்கியது. அந்த அரைத் தூக்கத்தில் கதவு தட்டும் சத்தம் எங்கோ ஆழத்திலிருந்து கேட்டது. மறுபடி கேட்டது. ஐயோ, எழுந்திரு என்று என்னையே திட்டிக்கொள்கிறேன், உடம்பு அசையவில்லை. தட்டினால் அசையாதே என்று வருஷக்கணக்காகப் பழக்கி வைத்த உடம்பு, வேறென்ன செய்யும்? படியில் காலடி இறங்கும் சத்தம் கேட்டபோதுதான் உறைத்தது.

கதவைத் திறந்து ஓடினேன். கூப்பிடவும் முடியவில்லை, கத்தினால் அவர் விழித்துக்கொள்வாரே! பாதிப் படியில் எட்டி, முன்னால் போன பெண்மணியின் தோள்பையைப் பிடித்து இழுத்தேன். திருடி என்று நினைத்தாரோ என்னவோ, பதறித் திரும்பினார்.

"மேடம், உள்ள வாங்க," என்றேன் ரகசியமாக. "செருப்பைக் கழட்டிட்டு மெதுவா வாங்க."

வந்தார். பின்னாலேயே, கீழே காத்து நின்ற ஓனரும் வந்தார், டக் டக்கென்று பூட்ஸோடு. ஆபீசரம்மா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டார். பிறகு, இடுப்பளவு தண்ணீரில் நடப்பவர்போல் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துப் படுக்கையறை வாசல்வரை போனார்.

என் கணவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். காது மடலில் மாவு. தூக்கத்திலும் கைகள் போர்வையைப் பிசைந்துகொண்டிருந்தன. உருட்டின, மடித்தன, அழுத்தின. "இன்னும் கொஞ்சம் பொங்கட்டும்," என்று முணுமுணுத்தார். ஆபீசரம்மா சுவரில் சாய்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு கொட்டாவி வந்தது.

"எல்லாம் நடிப்பு மேடம்!" ஓனர் பின்னாலிருந்து கத்தினார். "கட்டில், திரை எல்லாம் நேத்துதான் கொண்டாந்து போட்டிருக்காங்க!"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கட்டிலில் அவர் புரண்டார். ஓனரின் வாயில் ஊசியால் நாலு தையல் போட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. அதற்குள் ஆபீசரம்மா உதட்டில் விரலை வைத்துத் திரும்பினார்.

"சத்தம் போடாதீங்க சார்," என்றார், என்னைவிடத் தாழ்ந்த குரலில். "குடியிருக்கிறவரு தூங்குறாரு."

எனக்கு அழுகை முட்டியது. அருகில் கிடந்த திரைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு, அவர் எழுந்துவிடாதபடி அழுதேன்.